உலகம் கெட்டுவிட்டதா?

'காலம் கெட்டுக் கிடக்கு மக்களே!'

எங்கள் இல்லத்தில் நாள்தோறும் காலையில் ஒலிக்கும் சொற்கள் இவை. செய்தித்தாளை விரித்ததும் அப்பா இவ்வாறு கூறுவார். அடுப்படியில் இருந்தபடியே பாட்டியும் 'ஆமா' போடுவார். சென்ற ஆண்டு எங்கள் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, வெளியூர் சென்று செவிலியர் படிப்பு படிக்க விரும்பினார். அப்போதும் அப்பாவின் விடை இதுவே. 'பேப்பரைத் திறந்தா என்னவெல்லாம் வருது! பொம்பளப் பிள்ளையத் தனியா விட முடியுமா?' என்றார். அக்கா இரண்டு நாட்கள் சரியாக உண்ணவில்லை. உலகம் உண்மையிலேயே அவ்வளவு கெட்டுவிட்டதா? அல்லது நாம்தான் அதைத் தவறாக எடை போடுகிறோமா? எங்கள் உள்ளத்தில் எழுந்த இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

அன்புத் தோழியரே, உங்களிடம் ஒரு கேள்வி. உலகில் ஒரு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஏதேனும் ஒரு நோய்க்கான தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது? 20 பேருக்கா, 50 பேருக்கா, 80 பேருக்கா? எங்கள் வகுப்பில் கேட்டபோது 20 என்றும் 50 என்றுமே பலர் கூறினர். சரியான விடை 80 என்பதாகும்.

இக்கேள்வியை உலகோர் முன் வைத்தவர் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங். அவர் தம் மகனோடும் மருமகளோடும் சேர்ந்து தோற்றுவித்த கேப்மைண்டர் என்ற அமைப்பு, 2017ஆம் ஆண்டில் 14 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 12,000 பேரிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 12 கேள்விகளுக்குச் சராசரியாக இரண்டு விடைகளே சரியாக இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் நான்கு சரியாக அமைந்திருக்கும்! ஆகவே மக்கள் ஒன்றும் அறியாமல் தவறவில்லை. உலகம் இருப்பதைவிட மோசமானது என்ற தவறான படம் அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது.

ரோஸ்லிங்கும் ஒரு காலத்தில் இப்படித் தவறியவரே. 1972ஆம் ஆண்டில் நான்காம் ஆண்டு மருத்துவ மாணவராக அவர் பெங்களூரிலுள்ள புனித யோவான் மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். இந்திய மாணவர்களைவிடத் தமக்கு அதிகம் தெரியும் என்று எண்ணியிருந்தார். முதல் வகுப்பில் ஓர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டபோது, நம் மாணவர்கள் அடுக்கடுக்காக விடையளித்ததைக் கண்டு, தவறிப்போய் மருத்துவ நிபுணர்களின் வகுப்பில் அமர்ந்துவிட்டோமோ என்று ஐயுற்றார். அவர்களும் தம்மைப் போன்ற நான்காம் ஆண்டு மாணவர்களே என்று அறிந்து நாணினார். தம் தவற்றை உணர்ந்தவரே பிறருடைய தவற்றையும் ஆராய முடிந்தது.

நாம் தவறுவதற்குக் காரணங்கள் யாவை? முதலாவது, செய்தியின் இயல்பு. நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நாள்தோறும் எத்தனையோ பேருந்துகள் புறப்பட்டு ஊர் போய்ச் சேருகின்றன. அவற்றைப் பற்றி எந்தத் தாளும் எழுதுவதில்லை. ஒன்று கவிழ்ந்தால் படத்துடன் வருகிறது. இது செய்தித்தாளின் குற்றமன்று. நடந்ததைச் சொல்வது அதன் கடமை. ஆனால் செய்தியில் வந்தவற்றை மட்டும் வைத்து உலகை அளப்பது நமது குற்றம்.

இரண்டாவது, அச்சம். எது எளிதில் நினைவுக்கு வருகிறதோ, அதுவே அடிக்கடி நிகழ்வதாக மனம் எண்ணிக்கொள்கிறது. இதனை 1973ஆம் ஆண்டிலேயே டேனியல் கானமன், ஆமோஸ் டிவெர்ஸ்கி என்னும் உளவியல் அறிஞர்கள் இருவர் ஆராய்ந்து எழுதினார்கள். அஞ்சத்தக்க காட்சி எளிதில் மறப்பதில்லை. ஆகவே அது பெருகிவிட்டதாகவும் தோன்றுகிறது.

மூன்றாவது, மறதி. 'எங்க காலம்தான் காலம்' என்பார் பாட்டி. ஒரு நாள் மாலை, 'உங்ககூடப் பிறந்தவங்க எத்தனை பேர் பாட்டி?' என்று கேட்டோம். 'என்னோட சேர்த்து ஒன்பது' என்றார். 'வளர்ந்து ஆளானவங்க?' என்றோம். சற்று நேரம் பேசாதிருந்து, 'அஞ்சு' என்றார். ஒரு தம்பியைப் பெரியம்மை கொண்டுபோயிற்று. ஒரு தங்கையை வாந்திபேதி. மற்ற இருவருக்கும் பெயர் வைக்கும் முன்பே முடிந்துவிட்டது. பாட்டியின் படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றது.

அந்தப் பெரியம்மை இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு ஒழிந்தது. இயற்கையாகப் பரவும் போலியோக் கிருமி 2011க்குப் பின் இங்கு எவரையும் முடமாக்கியதாகப் பதிவில்லை. சுதந்திரம் பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இப்போது ஏறத்தாழ 70. 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேரே எழுத்தறிந்தவர்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் நம் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 91க்கும் மேல். இன்னும் பின்னே சென்றால், இதே மண்ணில் பெண்கள் பலர் மேலாடை அணியும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது. 1859ஆம் ஆண்டில்தான் திருவிதாங்கூர் அரசு அதற்கு இசைந்து ஆணை பிறப்பித்தது. 'அந்தப் பொற்காலம்' யாருக்குப் பொற்காலம்?

அப்படியானால் எல்லாம் நலம் என்று கைகட்டி இருந்துவிடலாமா? அதுவும் தவறான மதிப்பீடே. 1990ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்கு முன் இறந்த குழந்தைகள் உலகில் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் அதிகம். 2022இல் அது ஏறத்தாழ 49 லட்சமாகக் குறைந்தது. குறைந்தது உண்மை, 49 லட்சம் தாய்மார் அழுததும் உண்மை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தியப் பெருங்கடலில் முன்னெச்சரிக்கை அமைப்பே இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் அத்தகைய மையம் இயங்குகிறது. ஆயினும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த நம் மீனவர் பலருக்குச் செய்தி எட்டவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களில் இன்றும் அந்தக் கண்ணீர் காயவில்லை. 20 மதிப்பெண் வாங்கியவள் 60 வாங்கினால் முன்னேறியிருக்கிறாள். ஆனால் படிப்பை நிறுத்தலாகாது. உலகமும் அப்படித்தான்.

அக்காவின் கதைக்கு வருவோம். அவருக்குப் பாடம் சொல்லித்தந்த அருட்சகோதரி ஒருவர் எங்கள் வீட்டிற்கு வந்தார். அப்பாவிடம் வாதாடவில்லை. ஒரு தாளும் பேனாவும் கேட்டார். 'நம்ம பங்கிலிருந்து வெளியூர் போய்ப் படிச்ச பெண்பிள்ளைகள் பெயரையெல்லாம் சொல்லுங்க' என்றார். அப்பா சொல்லச் சொல்ல, பாட்டி நினைவூட்ட, தாள் நிறைந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் இன்று என்ன செய்கிறார்கள் என்றும் எழுதினார்கள். அப்பா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் தாமே அக்காவுடன் சென்று விடுதியைச் சுற்றிப் பார்த்து, காப்பாளரிடம் பேசிவிட்டு வந்தார். அச்சம் கதவைப் பூட்டச் சொன்னது. கணக்கு, கதவைத் திறந்து கவனத்தோடு அனுப்பச் சொன்னது. இன்று அக்கா செவிலியர் மாணவி.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்றனர் நம் முன்னோர். ஆகவே தோழியரே, 'காலம் கெட்டுவிட்டது' என்று யாரேனும் கூறினால், 'எதனோடு ஒப்பிட்டு? எத்தனை பேரில் எத்தனை பேர்?' என்று பணிவோடு கேட்போம். கெட்டதைக் கண்டால் மறைக்காமல் திருத்த முயல்வோம். நல்லதைக் கண்டால் அதற்காக உழைத்தோரை நினைத்து இறைவனுக்கு நன்றி கூறுவோம்.

அப்பா இப்போதும் காலையில் செய்தித்தாளை விரிக்கிறார். 'காலம் கெட்டுக் கிடக்கு' என்று தொடங்குகிறார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'எத்தனை பேர்ல எத்தனை பேருண்ணு கேப்பியே!' என்கிறார்.

- பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு