ராத்திரி நல்லா இருந்துச்சு... காலையில் உயிரே இல்லை! செல்ல முயல்களைச் சத்தமில்லாமல் கொல்லும் வைரஸ்

செல்லமாக வளர்த்த முயலைப் பறிகொடுத்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “ராத்திரி கீரை போட்டப்போ ஓடி வந்து தின்னுச்சு. காலையில பார்த்தா விறைச்சுக் கிடக்கு.” உடம்பில் காயம் இருக்காது. நாயோ பூனையோ கடித்த தடமும் இருக்காது. ‘பாம்பு தீண்டியிருக்குமோ’, ‘பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து செத்திருக்குமோ’, ‘யாராவது கண் வெச்சுட்டாங்களோ’ என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கடைசியில், ‘முயல்னாலே அப்படித்தான், நிலைக்காது’ என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அடுத்த வாரமே அதே கூண்டில் புது முயலை விட்டுவிடுவார்கள்.

அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. முயல்களின் திடீர் மரணத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் மிகக் கொடியது ஒரு வைரஸ். முயல் இறந்த பிறகும் அதன் கூண்டில், தண்ணீர்க் கிண்ணத்தில், விரித்த துணியில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு காத்திருக்கக்கூடியது அது. அந்த நோயின் பெயர், முயல் ரத்தக்கசிவு நோய். மருத்துவர்கள் சுருக்கமாக ஆர்.ஹெச்.டி என்கிறார்கள்.

ஒரே வருடத்தில் 14 கோடி முயல்கள்

இந்த நோய் முதன்முதலில் உலகின் கவனத்துக்கு வந்தது 1984-ல். சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ரோமத்துக்காக ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட அங்கோரா முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. ஒரு வருடத்துக்குள் சீனாவில் மட்டும் சுமார் 14 கோடி வளர்ப்பு முயல்கள் பலியானதாகக் கணக்கிடப்பட்டது. இரண்டே வருடங்களில் இத்தாலி வரை போய்விட்டது.

உடலுக்குள் நுழையும் வைரஸ் நேராகக் கல்லீரலைக் குறிவைக்கிறது. கல்லீரல் செல்கள் அழிகின்றன. சின்னச் சின்ன ரத்தக் குழாய்களுக்குள் ரத்தம் உறைகிறது. ரத்தத்தை உறையவைக்கும் பொருள்கள் இப்படியே தீர்ந்துபோவதால், அடுத்ததாக நுரையீரல் உள்ளிட்ட உறுப்புகளுக்குள் ரத்தம் கசிகிறது. கிருமி தொற்றிய ஓரிரு நாள்களில் காய்ச்சல் வரும். காய்ச்சல் தொடங்கிய 12 முதல் 36 மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். சில முயல்களுக்கு மூக்கில் ரத்தம் வரும், வலிப்பு வரும். பல முயல்கள் வெளியே எதையும் காட்டாமலேயே இறந்துவிடும்.

இதற்கு முயலின் சுபாவமும் ஒரு காரணம். காட்டில் நரிக்கும் கழுகுக்கும் இரையாகும் பிராணி என்பதால், பலவீனத்தைக் கடைசி நிமிடம் வரை மறைப்பது அதன் பிறவிக்குணம். “நல்லாத்தானே இருந்துச்சு” என்று வீட்டினர் சொல்வது பொய்யல்ல. முயல் அப்படித்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

அரசே அவிழ்த்துவிட்ட கிருமி

உலகில் மற்ற நாடுகள் இந்த வைரஸ் உள்ளே வந்துவிடக் கூடாது என்று அஞ்சிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியா அதை விரும்பி வரவழைத்தது.

1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார், வேட்டையாடி மகிழ்வதற்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்து, விக்டோரியா மாகாணத்தில் தன் நிலத்தில் விட்டார். இயற்கை எதிரிகள் குறைவான அந்த மண்ணில் அவை கோடிகளாகப் பெருகின. பயிரைத் தின்றன, ஆடு மாடுகளுக்கான புல்லைத் தின்றன, மரக்கன்றுகளைத் தலைதூக்கவே விடவில்லை. பில்பி போன்ற அந்த மண்ணின் சின்னஞ்சிறு விலங்குகள் உணவும் வளையும் இழந்தன. இன்றும் முயல்களால் ஆஸ்திரேலிய விவசாயத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பு என்று மதிப்பிடப்படுகிறது.

துப்பாக்கி, விஷம், நீண்ட வேலி என எதுவும் பலிக்கவில்லை. 1950-ல் மிக்ஸோமட்டோசிஸ் என்ற இன்னொரு முயல் வைரஸைப் பரப்பினார்கள். முதலில் முயல்கள் கொத்துக்கொத்தாக மடிந்தன. பிழைத்தவற்றுக்கு எதிர்ப்பு சக்தி வந்ததும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. அதன் பிறகு கையில் எடுத்த ஆயுதம்தான் ஆர்.ஹெச்.டி வைரஸ்.

1995-ல் தெற்கு ஆஸ்திரேலியாவை ஒட்டிய வார்டாங் தீவில், வேலிக்குள் வைத்து இந்த வைரஸைச் சோதித்தார்கள். சோதனை முடிவதற்குள், அதே ஆண்டு அக்டோபரில் கடலைத் தாண்டி நிலப்பகுதிக்கு வந்துவிட்டது. காற்றில் அடித்து வரப்பட்ட ஈக்கள் சுமந்து வந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதினர். 1996-ல் அரசே அதிகாரபூர்வமாகப் பரப்பத் தொடங்கியது. 2017 மார்ச்சில், கொரியாவிலிருந்து பெறப்பட்ட ‘கே5’ என்ற வகையும் நாடு முழுவதும் விடப்பட்டது.

அரசின் குறி காட்டு முயல்தான். ஆனால், காட்டு முயலும் குழந்தைகள் மடியில் கொஞ்சும் முயலும் ஒரே இனம். வைரஸுக்கு வித்தியாசம் தெரியாது.

ஊசி இருந்தது... ஆனால் வேறு வைரஸுக்கு

வீட்டு முயல்களைக் காப்பாற்ற ஆஸ்திரேலியாவில் தடுப்பூசி இருந்தது. வருடம் தவறாமல் போட்டவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதி 2015 மே மாதம் கலைந்தது.

2010-ல் பிரான்ஸில் தலைகாட்டிய ஆர்.ஹெச்.டி.வி-2 என்ற புது வகை, 2015-ல் கான்பெராவில் கண்டுபிடிக்கப்பட்டது. இதை யாரும் திட்டமிட்டு விடவில்லை. பழைய வைரஸ், இரண்டு மாதத்துக்கும் குறைவான குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். புது வைரஸ் சில வாரக் குட்டிகளையும் விடவில்லை. பழைய தடுப்பூசி போட்ட முயல்களும் இறந்தன.

கால்நடை மருத்துவர்கள், இருக்கும் பழைய ஊசியையே அடிக்கடி போட்டு ஓரளவாவது காப்பாற்ற முடியுமா என்று பார்த்தார்கள். புது வகைக்கென்றே தயாரான ‘ஃபிலாவாக்’ ஊசி ஐரோப்பாவில் புழக்கத்தில் இருந்தது. அது ஆஸ்திரேலிய மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தது 2022-ல். நடுவில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள், முயல் வளர்த்தவர்களுக்குக் கொசுவலையும் கவனமும்தான் துணை.

இன்னொரு சங்கடம் இன்றும் தீரவில்லை. பிரிட்டனில் மிக்ஸோமட்டோசிஸ், ஆர்.ஹெச்.டியின் இரண்டு வகைகள் என மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி போட முடிகிறது. ஆஸ்திரேலியாவில் மிக்ஸோமட்டோசிஸ் தடுப்பூசிக்கு அனுமதி இல்லை. அது உயிருள்ள வைரஸைக் கொண்டு தயாராகும் ஊசி. அதிலிருக்கும் வைரஸ் காட்டு முயல்களுக்குப் பரவினால், அவற்றுக்கும் எதிர்ப்பு சக்தி வந்துவிடும் என்பது அரசின் வாதம். காட்டையும் விவசாயத்தையும் காக்க நினைக்கும் அரசின் பக்கம் நியாயம் இருக்கிறது. கொசு கடித்து முகம் வீங்கி, கண் மூடிப்போய்ச் சாகும் முயலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பத்தின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. குயின்ஸ்லாந்து மாகாணத்தில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே வீட்டில் முயலைச் செல்லப்பிராணியாக வளர்ப்பதே சட்டப்படி குற்றம்.

வீட்டைவிட்டே போகாத முயலுக்கு எப்படி வருகிறது?

‘எங்க முயல் வாசப்படியே தாண்டாது’ என்பவர்களும் கவனிக்க வேண்டும். 2020 செப்டம்பரில், அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த சிங்கப்பூரிலும் இந்த நோய் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அங்கே இறந்தவை செல்ல முயல்கள்தான்.

முயல் வெளியே போக வேண்டியதில்லை. நோய் வந்த முயலின் சிறுநீர், புழுக்கை, ரோமம் பட்ட எதுவும் வைரஸைச் சுமந்து வரும். வெளியிலிருந்து பறித்து வரும் புல், செருப்பின் அடிப்பாகம், இன்னொரு முயலைத் தூக்கிய கை, இரவல் வாங்கிய கூண்டு, இறந்த முயலின் மீது உட்கார்ந்து வந்த ஈ என வழிகள் ஏராளம். காய்ந்த துணியில்கூட இந்த வைரஸ் மூன்று மாதத்துக்கும் மேல் தாக்குப்பிடிக்கும். குளிரில் உறைந்தாலும் சாகாது. வழக்கமான சானிடைசருக்கும் எளிதில் மசியாது.

மனிதர்களுக்கு ஆர்.ஹெச்.டி தொற்றாது. நாய், பூனைக்கும் நோய் வராது. நாம் நோயாளி ஆவதில்லை, ஆனால் நோயைச் சுமந்து செல்பவர் ஆகிவிடலாம். முயலிடமிருந்து மனிதருக்கு வரக்கூடியவை வேறு. படர்தாமரை போன்ற தோல் தொற்றும், கடிபட்ட காயத்தில் சீழ் பிடிப்பதும் அவற்றில் சில. முயலைத் தொட்ட பின் குழந்தைகள் சோப்பு போட்டுக் கை கழுவுவதைப் பழக்கமாக்குவது நல்லது.

எல்லா மரணத்துக்கும் வைரஸ் காரணமல்ல

வெயில் கொளுத்தும் நம்மூரில் வேறு எமன்களும் உண்டு. முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது. காது வழியாகத்தான் பெரும்பாலான சூட்டை வெளியேற்றும். தகரக் கூரைக்குக் கீழே, காற்றோட்டம் இல்லாத பால்கனியில் ஒரு மதிய நேரம் போதும், வெப்பம் தாக்கிச் சுருண்டுவிடும்.

அடுத்தது வயிறு. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நார்ச்சத்துள்ள புல் குறைந்து பிஸ்கட், சோறு, பழம் என்று கொடுத்தால் குடல் நின்றுவிடும், வயிறு உப்பும். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் நோய் வரும். ஈரமும் அழுக்கும் சேர்ந்த கூண்டில் அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும்.

எந்தக் காரணம் என்று தெரியாமல் அடுத்த முயலைக் காப்பாற்ற முடியாது. வெப்பம் என்றால் இடத்தை மாற்ற வேண்டும். தீவனம் என்றால் உணவை மாற்ற வேண்டும். தொற்று என்றால் மிச்சமிருக்கும் முயல்களைப் பிரிக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

• 12 மணி நேரமாக முயல் எதுவும் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். அது அவசர சிகிச்சை நேரம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ சேவையை அழைக்கலாம்.

• முயல் திடீரென இறந்தால் கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் வைத்துக் கட்டுங்கள். பரிசோதனைக்குக் கொண்டுபோகும் வரை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே குளிர்ச்சியாக வையுங்கள். உறையவைக்க வேண்டாம்.

• கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். கல்லீரலில் ஒரு சிறு துண்டு இருந்தால் ஆய்வகத்தில் இந்த வைரஸைக் கண்டுபிடித்துவிடலாம்.

• மற்ற முயல்களை யாருக்கும் கொடுக்காதீர்கள், வெளியிலிருந்து புது முயலும் கொண்டுவராதீர்கள். பிழைத்த முயலும் ஒரு மாதத்துக்கு மேல் கிருமியை வெளியேற்றக்கூடும்.

• கூண்டைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தோடு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். மரக் கூண்டு, சாக்கு, துணியைக் கழித்துவிடுவது பாதுகாப்பு.

• ஈ, கொசு வராமல் வலை அடியுங்கள். வெளியில் போட்டு நடக்கும் செருப்போடு முயல் இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

• தடுப்பூசி கிடைக்கும் நாடுகளில் வசிப்பவர்கள், 10 வாரம் ஆன குட்டிக்கு ஊசி போட்டு, வருடம் ஒருமுறை தொடருங்கள். எந்த வகை வைரஸுக்கான ஊசி என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டு முயல் 8 முதல் 10 ஆண்டுகள் வாழும். ‘முயல் நிலைக்காது’ என்பது காரணம் தேடாதவர்கள் சொல்லும் சமாதானம். வீட்டில் ஒரு முயல் திடீரென்று இறந்து, அது தொற்றாக இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டால், பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் நான்கு மாதம் அந்தக் கூண்டு காலியாகவே இருக்கட்டும்.