திரையில் இடம் கிடைக்காத வேட்பாளர்கள்

ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. 2011 ஓகஸ்ட் 13 ஆம் திகதி குடியரசுக் கட்சியினர் அங்கே ஒன்றுகூடி, அடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலுக்கு யாரை நிறுத்தலாம் என்று ஒரு மாதிரி வாக்கெடுப்பு நடத்தினார்கள். சட்டப்படி அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. இருந்தாலும் யார் முன்னுக்கு நிற்கிறார் என்பதை அறியும் முதல் அடையாளமாக ஊடகங்கள் அதைக் கொண்டாடிவந்தன. அன்று மிஷெல் பாக்மன் என்ற பெண்மணி 4,823 வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த மகப்பேற்று வைத்தியரும் காங்கிரஸ் உறுப்பினருமான ரொன் போல் 4,671 வாக்குகளுடன் இரண்டாமிடம் பெற்றார். வித்தியாசம் வெறும் 152.

அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். முதலிடம் பெற்றவரைப் பற்றிப் பேசினார்கள். வாக்கெடுப்பில் கவனமே செலுத்தாத மிட் ரொம்னியைப் பற்றிப் பேசினார்கள். அன்றுதான் வேறொரு மாநிலத்தில் தன் போட்டியை அறிவித்த ரிக் பெரியைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாமிடம் பெற்றவர் பல செய்திகளில் பெயரளவிலேயே வந்துபோனார். நகைச்சுவையாளர் ஜோன் ஸ்டுவர்ட் இதைத் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கேலி செய்த பின்னரே, அப்படியொன்று நடந்திருக்கிறது என்பது பலருக்கும் தெரியவந்தது.

உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கும் எனக்கு இந்தச் சம்பவம் ஒரு பெரிய கேள்வியைத் தந்தது. பேச்சுச் சுதந்திரம் என்றால் என்னவென்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. எவரும் தேர்தலில் நிற்கலாம் என்பதும் இருக்கிறது. ஆனால் நின்றவரின் பேச்சு வாக்காளரின் காதுக்குப் போய்ச் சேர்வதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று எங்கும் இல்லை. அதைத் தேடி வாசித்ததில் விளங்கியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் இந்தப் புறக்கணிப்பு எப்படி நிகழ்கிறது என்று பார்ப்போம். யாரும் கூடியிருந்து சதி செய்வதில்லை. அது ஒரு வட்டம். கருத்துக்கணிப்பில் ஆதரவு குறைவு என்பதால் ஒருவரைப் பற்றிய செய்தி குறைகிறது. செய்தி குறைவதால் மக்களுக்கு அவரைத் தெரியாது. தெரியாததால் அடுத்த கணிப்பிலும் ஆதரவு குறைவு. வேட்பாளர் விவாதங்களில் இது இன்னும் நுட்பமாக நடக்கும். மேடையில் ஓர் இடம் கிடைக்கும், கேள்வி கிடைக்காது. 2011 நவம்பரில் தென் கரோலினாவில் நடந்த விவாதத்தில், ஒளிபரப்பான முதல் மணித்தியாலத்தில் தமது வேட்பாளருக்குச் சுமார் ஒன்றரை நிமிடமே கிடைத்ததாக ரொன் போலின் பிரசாரக் குழு கணக்கிட்டு முறையிட்டது. ஆனால் அவருக்கு ஆதரவே இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த ஜனவரியில் நியூ ஹம்ஷயரில் ஏறத்தாழ 23 வீத வாக்குகளுடன் இரண்டாமிடம் பெற்றார்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1934 ஆம் ஆண்டின் தொடர்பாடல் சட்டத்தின் 315 ஆம் பிரிவின்படி, ஒரு வேட்பாளருக்கு வானொலியோ தொலைக்காட்சியோ நேரம் கொடுத்தால், அதே பதவிக்குப் போட்டியிடும் மற்றவர்களுக்கும் சம வாய்ப்புக் கொடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1959 இல் சிக்காகோ மாநகர மேயர் பதவிக்கு லார் டேலி என்றொருவர் போட்டியிட்டார். அமெரிக்கக் கொடியின் நிறத்தில் 'அங்கிள் சாம்' வேடம் போட்டுக்கொண்டு பிரசாரம் செய்பவர். பதவியிலிருந்த மேயரைச் செய்தியில் காட்டினீர்களே, எனக்கும் அதே அளவு நேரம் தாருங்கள் என்று அவர் முறையிட்டார். சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவும் அது சரியென்றது. ஊடக நிறுவனங்கள் பதறிப்போயின. அதே ஆண்டில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, செய்தி, நேர்காணல், விவரணம், நிகழ்விடத்திலிருந்தே தரப்படும் செய்தி ஆகியவற்றுக்கு விதிவிலக்கு அளித்தது. வேடம் போட்ட ஒருவரைச் சமாளிக்கத் திறந்த கதவால், பின்னர் பலரும் வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது என் கருத்து.

அவர்களுள் ஒருவரை நம் கல்லூரி மாணவியர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அவர் சேர்லி சிஷோம். புரூக்ளினில் பிறந்து, சிறுவயதில் சில ஆண்டுகள் பார்படோஸ் தீவில் பாட்டியிடம் வளர்ந்தவர். பாலர் பாடசாலை ஆசிரியை. 1968 இல் காங்கிரஸுக்குத் தெரிவான முதலாவது கறுப்பினப் பெண். 1972 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் நியமனத்துக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். கலிபோர்னியா முதனிலைத் தேர்தல் நெருங்கியபோது, ஹம்ப்ரி, மெக்கவர்ன் என்ற இரண்டு ஆண் வேட்பாளர்களை மட்டும் அழைத்துத் தொலைக்காட்சி நிறுவனங்கள் விவாதம் நடத்தின. சிஷோம் ஆணைக்குழுவிடம் போனார், அது மறுத்தது. நீதிமன்றம் போனார். தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில் அவருக்கும் நேரம் வழங்கும்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் வெல்லவில்லை. இருந்தும் மயாமி மாநாட்டில் 152 பிரதிநிதிகளின் வாக்குகள் அவருக்குக் கிடைத்தன.

கதை அத்துடன் முடியவில்லை. வெளி அமைப்பொன்று நடத்தும் வேட்பாளர் விவாதமும் ஒரு 'செய்தி நிகழ்வு'தான், எனவே சம வாய்ப்பு விதி அதற்குப் பொருந்தாது என்று ஆணைக்குழு 1975 இல் முடிவெடுத்தது. அதை எதிர்த்து வழக்காடியவர்களில் சிஷோமும் ஒருவர். 1976 இல் அந்த வழக்குத் தோற்றது. 2000 ஆம் ஆண்டு முதல், தேசியக் கருத்துக்கணிப்புகளில் சராசரியாக 15 வீதம் பெற்றவருக்கே ஜனாதிபதி விவாத மேடையில் இடம் என்ற விதியும் வந்தது. இந்த 15 வீதம் எவ்வளவு பாரமான பூட்டு என்பதற்கு ரொஸ் பெரோ நல்ல உதாரணம். 1992 இல் விவாதங்களுக்கு முன் அந்தச் சுயேச்சை வேட்பாளரின் ஆதரவு 15 வீதத்துக்கு வெகு கீழே இருந்தது. மேடையில் பேச விட்டார்கள். தேர்தல் நாளில் ஏறத்தாழ 19 வீதம் பெற்றார்.

சரி, எங்கோ ஒரு நாட்டில் தோற்றவர்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? ஒரு வேட்பாளரைத் திரையிலிருந்து எடுத்துவிட்டால், அவர் மட்டும் எழுப்பிய கேள்வியும் அவருடன் சேர்ந்து போய்விடுகிறது என்பதே இதற்கு என் பதில்.

2001 செப்டெம்பர் 11 தாக்குதல் நடந்து 45 நாட்களில் 'பேட்ரியட் சட்டம்' நிறைவேறியது. அதன் 215 ஆம் பிரிவு, ஒரு தனிமனிதர் தொடர்பான எந்தப் பதிவேட்டையும் இரகசிய நீதிமன்றமொன்றின் அனுமதியுடன் பெறும் அதிகாரத்தைப் புலனாய்வுத் துறைக்குக் கொடுத்தது. நூலகத்தில் நீங்கள் இரவல் வாங்கிய புத்தகப் பட்டியலும் அதில் அடங்கும். அமெரிக்க நூலகர்கள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பியது அந்தத் தொழிலுக்கே பெருமை. செனட் சபையில் எதிர்த்து வாக்களித்தவர் ரஸ் பைன்கோல்ட் ஒருவரே. பிரதிநிதிகள் சபையில் 357 பேர் ஆதரித்தனர், 66 பேர் எதிர்த்தனர். எதிர்த்தவர்களில் குடியரசுக் கட்சியினர் மூவர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் ரொன் போல். வாசித்துப் பார்க்கக்கூட அவகாசம் தராமல் வாக்கெடுப்பு நடத்தினார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. பயத்தில் கொடுத்துவிடும் சுதந்திரம் திரும்பி வராது என்பதை ஒவ்வொரு மேடையிலும் பேசினார். அந்தச் சட்டத்தின் நிழல் அதிகம் விழுந்தது அங்கு வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் மீது. ஆனால் அதைக் கேட்டவர், ஊடகங்கள் கணக்கில் எடுக்காத வேட்பாளர்.

குறிப்பிட்ட சில பிரிவுகள் 2005 முடிவில் காலாவதியாகும் என்றே சொல்லப்பட்டது. பின்னர் நீடிக்கப்பட்டன, மீண்டும் நீடிக்கப்பட்டன. நம் நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. நமது 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு என்று வந்த அதை 1982 இல் நிரந்தரமாக்கினார்கள்.

ஊடகத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நேரம் குறைவு. நமது 2024 ஜனாதிபதித் தேர்தலில் 39 பேரின் வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டன. அவர்களில் ஒரு பெண்கூட இல்லை என்பதை அடைப்புக்குறிக்குள் சொல்லிவைக்கிறேன். அத்தனை பேரையும் ஒரே மேடையில் ஏற்றினால் யார் கேட்பார்? எங்கள் வாப்பா மூன்றாவது வேட்பாளரிலேயே சனலை மாற்றிவிடுவார். நம் நாட்டில் அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஜனாதிபதி வேட்பாளர்களுக்கு இலவச நேரம் ஒதுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதை எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள் என்பது வேறு விடயம். இருந்தாலும் 'வெல்ல மாட்டார்' என்பதை மட்டும் அளவுகோலாக எடுப்பது ஆபத்து. 2019 இல் 3.16 வீதம் பெற்றவரே 2024 இல் ஜனாதிபதியானார்.

இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. புறக்கணிப்பு ஒருவரை விசாரணையிலிருந்தும் காப்பாற்றிவிடுகிறது. ரொன் போலின் பெயரில் முன்பு வெளியான செய்திமடல்களில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் எழுத்துகள் இருந்தன. அவற்றைத் தான் எழுதவில்லை என்றார். நான் அவருடைய ஆதரவாளர் அல்லர். வருமான வரியே வேண்டாம் என்ற அவரது பொருளாதாரக் கொள்கையும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவரை மேடையில் நிறுத்தி, தனிமனித சுதந்திரத்தைப் பற்றியும் அந்தச் செய்திமடல்களைப் பற்றியும் ஒருசேரக் கேட்டிருந்தால் வாக்காளருக்கு இரண்டும் தெரிந்திருக்கும்.

அவர் 2013 ஜனவரியில் காங்கிரஸிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதம் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், கோடிக்கணக்கான சாதாரண மக்களின் தொலைபேசி அழைப்புப் பதிவுகளை அரசு அந்த 215 ஆம் பிரிவைக் காட்டியே திரட்டிவந்தது என்பதை உலகுக்குச் சொல்லின. 2015 மே 7 ஆம் திகதி நியூயோர்க்கிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம், அப்படி மொத்தமாகத் திரட்ட அந்தப் பிரிவு அதிகாரம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. அப்போது ரொன் போலுக்கு 79 வயது. எந்தத் தேர்தலிலும் அவர் வேட்பாளராக இருக்கவில்லை.