துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நடுவே மதுரை

சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் ஒரே குடும்பத்தில் அண்ணன் துபாயில், தம்பி சிங்கப்பூரில் இருப்பது அதிசயமில்லை. மதுரையிலிருந்து எந்த ஊர் தூரம் என்று கேட்டால் பலரும் சிங்கப்பூர் என்பார்கள். டிக்கெட்டும் அப்படித்தான் காட்டும். காலை 10 மணிக்குக் கிளம்பி 4 மணி நேரம் மேற்கே பறந்தால் துபாயில் பகல் 12.30. அதே 4 மணி நேரம் கிழக்கே பறந்தால் சிங்கப்பூரில் மாலை 4.30.

பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் மதுரை விமான நிலையத்திலிருந்து துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர், சிங்கப்பூர் சுமார் 3,015. வித்தியாசம் நம் திண்டுக்கல் தூரம்தான். துபாய்க் கோடு மலையைத் தாண்டி, கோழிக்கோடு பக்கமாகக் கடலுக்குள் போகிறது. சிங்கப்பூர்க் கோடு வன்னிக்கு மேலாக வங்கக் கடலைக் கடந்து சுமத்ராவின் வடபகுதியைத் தொடுகிறது. விமானம் இந்தக் கோட்டை அப்படியே பிடித்துப் போகாது. வான்தடங்களை ஒட்டிப் போவதால் தூரம் கொஞ்சம் கூடும். (இதே கணக்கில் கொழும்பு விமான நிலையம் சுமார் 355 கிலோமீட்டர், சென்னை சுமார் 420. தலைநகரைவிட அயல்நாடு பக்கம்!)

சரி, கடிகாரம் ஏன் இப்படிப் பேசுகிறது? பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகும். துபாய் நமக்கு மேற்கே 22.7 பாகை, அதாவது 91 நிமிடம். கடிகார வித்தியாசம் ஒன்றரை மணி, கச்சிதம். சிங்கப்பூர் கிழக்கே 25.9 பாகை; 104 நிமிடம்தான் வர வேண்டும். ஆனால் அங்கே கடிகாரம் நம்மைவிட 150 நிமிடம் முன்னே ஓடுகிறது. மிச்ச 46 நிமிடம் மனிதர்கள் வைத்தது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரத்தைக் கொண்டுவந்தபோது, சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 முதல் கூடவே அரை மணி நேரம் முன்னே நகர்ந்தது. அங்கே பொழுது விடியவே ஏழு மணி ஆகிவிடுகிறது.

இனி காற்று. "பூமி கிழக்கே சுத்துதுல்ல, மேலே போய் சும்மா நின்னா துபாய் தானா வந்துடாதா?" டீக்கடையில் எழும் நல்ல கேள்வி. வராது, காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் போகிறது. பூமியைக் காற்று எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்பதுதான் கணக்கு. கிழக்கே போகும் விமானம் சீக்கிரம் சேரும் என்பது ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்களின் அனுபவம். ஆடி மாதத்து மதுரைக்கு அது பொருந்தாது. தரையில் மேல்காற்று புழுதியைக் கிளப்பும்போது, 12 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில் நேர் எதிராகக் கிழக்கிலிருந்து ஒரு காற்றாறு பாய்கிறது. இந்தக் கிழக்குத் தாரைக்காற்றை 1950களில் ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம். கோடையில் திபெத் மேட்டுநிலம் சூடேறி, அதற்கு மேலுள்ள காற்று தெற்கே கடல்மேல் இருப்பதைவிட வெப்பமாகிவிடுகிறது. அந்த ஏற்றத்தாழ்வுதான் இதை ஓட்டுகிறது. விமானங்கள் பெரும்பாலும் இதன் அடிவிளிம்பில் பறக்கின்றன.

மணிக்கு 830 கிலோமீட்டர் போகும் விமானத்துக்கு வழியெல்லாம் 50 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் துபாய்க்கு 3 மணி 21 நிமிடம். திரும்பும்போது அதுவே எதிர்காற்று. 3 மணி 47 நிமிடம். போனதில் மிச்சம் பிடித்தது வரும்போது சரியாகக் கழிந்துவிடும் என்று தோன்றும். கழியாது. எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால், காற்றே இல்லாத நாளைவிடப் போய்வர ஒன்றரை நிமிடம் கூடுதல்.