பழம்படமும் புதுமுகமும்

காலம் எதனையும் விட்டுவைப்பதில்லை. கல்லும் தேய்கிறது, இரும்பும் துருவேறுகிறது. அங்ஙனமிருக்க, மெல்லிய தாளில் பதிந்த புகைப்படம் மட்டும் அழியாதிருக்குமோ? சுவரில் பல்லாண்டு தொங்கிய படத்தை ஒருநாள் கையில் எடுத்துப் பார்க்கிறோம். ஆடை தெரிகிறது, அமர்ந்த நாற்காலி தெரிகிறது, முகம் இருந்த இடத்திலோ வெண்திட்டு ஒன்றே காணப்படுகிறது. எவருக்காக அப்படத்தைப் போற்றி வைத்தோமோ, அவர் முகமே மறைந்துவிட்டது. அதனை மீட்க வழி உண்டா? உண்டு. அவ்வழியை இங்குக் காண்போம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலானவற்றில், தாளின்மீது ஜெலட்டின் என்னும் பொருளாலான மெல்லிய படலம் இருக்கும். அதனுள் நுண்ணிய வெள்ளித் துகள்கள் செறிந்திருக்கும். துகள் மிகுந்த இடம் கருமையாகவும் குறைந்த இடம் வெண்மையாகவும் தோன்றும். ஈரம் புகுந்தால் ஜெலட்டின் இளகும். பூஞ்சணம் அதனை உணவாகக் கொள்ளும். சட்டத்திலுள்ள கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது பிரிக்க முயன்றால் உருவம் உரிந்து போய்விடும்.

இத்தகைய படத்தை முதலில் ஸ்கேனர் என்னும் கருவியின் துணையால் கணிப்பொறியில் ஏற்றுவர். ஏற்றியதைத் தொடாமல் காத்து, அதன் படியில் மட்டுமே வேலை செய்வர். கீறலையும் கறையையும் அருகிலுள்ள நல்ல பகுதியைக் கொண்டு மூடலாம். ஆனால் முகத்திற்கு அம்முறை உதவாது. கன்னத்தைக் கொண்டு கண்ணை ஆக்க இயலுமோ? ஆதலின், அதே மனிதரின் வேறொரு படத்தைத் தேடுதல் வேண்டும்.

அப்படம் மூவகையில் பொருந்த வேண்டும். வயது ஒத்திருக்க வேண்டும். முகம் திரும்பிய கோணம் ஒத்திருக்க வேண்டும். ஒளி விழும் திசையும் ஒத்திருக்க வேண்டும். ஒளி எதிர்த்திசையில் இருந்தால், முகத்தை இடம் வலமாகத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். அது தவறு. எவர் முகமும் இருபுறமும் முற்றும் ஒத்திராது. வலக்கன்னத்து மச்சம் இடக்கன்னத்திற்குப் போகும். தலைவகிடு இடம் மாறும். பிறர் அறியாவிடினும் பெற்ற தாய் அறிவாள்.

தேர்ந்த முகத்தைப் பழைய படத்தின்மேல் தனி அடுக்காக வைத்து, கண்களின் இடைவெளியையும் கண்ணுக்கும் மோவாய்க்கும் உள்ள தொலைவையும் அளந்து, அளவைச் சரிசெய்வர். அடுத்தது நிறம். பழைய படத்தில் கருமை மங்கிப் பழுப்பாகியிருக்கும், வெண்மை மஞ்சளித்திருக்கும். அருகில் நிற்பவர் முகத்தில் மிகக் கருத்த இடத்தையும் மிக வெளுத்த இடத்தையும் நோக்கி, அவ்வெல்லைக்குள் புதுமுகத்தை அடக்குதல் வேண்டும்.

பின்பு ஓரங்களைக் கவனிக்க வேண்டும். கத்தரித்து ஒட்டினாற்போன்ற கூரிய கோடு கூடாது. புதியது சிறிது சிறிதாக மறைந்து பழையதோடு கலக்குமாறு ஓரத்தை மென்மையாக்குவர். மயிரோரம், மோவாயின் நிழல், சட்டைக் கழுத்து ஆகிய இடங்களில் இணைப்பை அமைத்தால் அது கண்ணுக்குப் புலப்படாது. கழுத்தின்மேல் விழவேண்டிய நிழலை மறத்தலாகாது. நிழலற்ற தலை மிதப்பதுபோல் தோன்றும்.

இவ்வளவு செய்தும் ஏதோ ஒன்று உறுத்தலாம். படமெங்கும் புள்ளி புள்ளியாகத் துகள் தெரிய, முகம் மட்டும் வழவழப்பாகத் தெளிந்திருப்பதே அதன் காரணம். ஆகவே புதுமுகத்தின் கூர்மையைச் சற்றுக் குறைத்து, அதே பருமனுள்ள துகளை அதன்மேலும் தூவுவர். முடிவில் படத்தைச் சிறிதாக்கியும் தலைகீழாக்கியும் பார்ப்பர். கண் முதலில் புதுமுகத்தில் சென்று நின்றால், வேலை இன்னும் முடியவில்லை என்பது பொருள்.

முகம் மாற்றும் தொழில் கணிப்பொறியோடு பிறந்ததன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற தளபதி கிராண்ட், சிட்டி பாயிண்ட் என்னும் இடத்தில் படையினர் முன் குதிரைமேல் அமர்ந்திருப்பதாகக் காட்டும் படம் ஒன்று அந்நாட்டுக் காங்கிரசு நூலகத்தில் உள்ளது. அதற்கு 1902ஆம் ஆண்டு உரிமை பதிந்தவர் லெவின் ஹேண்டி என்பவர். தலை உடலோடு பொருந்தாத கோணத்தில் இருந்ததும், சீருடை அக்காலத்திற்கு ஒவ்வாததும் ஐயத்தை எழுப்பின. ஆராய்ந்தபோது, அது மூன்று படங்களின் கூட்டு என்பது தெளிவாயிற்று. தலை மட்டுமே கிராண்டினுடையது. அது 1864ஆம் ஆண்டு எடுத்த வேறொரு படத்திலிருந்து வந்தது. உடலும் குதிரையும் மக்குக் என்னும் மற்றொரு தளபதிக்கு உரியவை. பின்னால் இருந்தோரோ அவருடைய படையினர் அல்லர். சிறைப்பட்ட எதிரிப் படையினர்!

கைத்திறன் ஒன்றே, பயன் வேறு. அங்கே முகம் தனக்கு உரியதல்லாத உடலுக்குச் சென்றது. இங்கே முகம் தன் உடலுக்கே திரும்புகிறது. இவ்வேற்றுமையை மறந்தால் செம்மை செய்தலும் பொய்யாகிவிடும். இந்நாளில், வேறு படம் இல்லாதபோதும் முகத்தைத் தானே வரைந்து தரும் கணிப்பொறி முறைகள் வந்துவிட்டன. அவை தரும் முகம் அழகாக இருக்கலாம். ஆனால் அது எண்ணற்ற பிறர் முகங்களிலிருந்து கற்ற ஊகமே. நம் பாட்டியின் இடத்தில் முன்பின் அறியாத ஒருத்தியை அமர்த்திவிட்டு, அவளைப் பாட்டி என்று பேரர்க்குக் காட்டுதல் தகுமோ? வேறு படம் கிடைக்காவிடின், அவ்வெண்திட்டை அப்படியே விடுதலே நேர்மை.

ஆதலின், செம்மை செய்த படத்தின் பின்புறத்தில் எதனை மாற்றினோம், முகம் எப்படத்திலிருந்து வந்தது என்று எழுதிவைத்தல் நன்று. சிதைந்த மூலத்தை எறியாது, ஈரம் அணுகாத இடத்தில் காத்தல் அதனினும் நன்று. இணைப்பு கண்ணுக்குத் தெரியாதிருத்தல் கலைக்கு அழகு. உண்மை மறையாதிருத்தல் கலைஞனுக்கு அழகு.