பகுதிநேரக் கார் டீடெய்லிங்: முதலில் நேரக் கணக்கைப் போடுவோம்

மாதச் சம்பளத்தோடு இன்னொரு வருமானமும் இருந்தால்தான் குடும்பம் நடத்த முடியும் என்ற நிலையில் இருக்கும் திருச்சி இளைஞர்கள் சிலரின் பார்வை இப்போது கார் டீடெய்லிங் பக்கம் திரும்பியிருக்கிறது. வளைகுடாவில் இந்த வேலையைக் கற்று ஊர் திரும்பியவர்களும் இதில் உண்டு. நல்ல தொழில்தான். கடை வாடகை இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவர் பணக் கணக்குக்கு முன் நேரக் கணக்கைப் போட வேண்டும். இதில் இறங்கியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

தண்ணீர் அடித்துத் துடைத்துக் கொடுப்பது வாட்டர் வாஷ். டீடெய்லிங் என்பது இருக்கை, தரைவிரிப்பு, ஏசி துவாரம், கதவு இடுக்கு, பெயிண்டின் மேற்பரப்பு என ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து பாதுகாப்பது. ஒருவர் தனியாகச் செய்தால் சிறிய காரை வெளியே கழுவி உள்ளே தூசி எடுக்க 2 மணி நேரம் ஆகும். இருக்கைகளை ஷாம்பு போட்டு ஆழமாகச் சுத்தம் செய்ய 4 மணி நேரம். பாலிஷ் என்றால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். செராமிக் கோட்டிங் அதற்கும் மேலே. பூசிய பின் சுமார் 24 மணி நேரம் தண்ணீர் படாமல் வண்டி நிற்க வேண்டும். அப்படி நிறுத்தக் கூரையுள்ள இடமும் வேண்டும்.

இப்போது நம் நாளைப் பார்ப்போம். காலை 9 மணிக்கு வேலைக்குப் போகிறவருக்கு பஜ்ருக்குப் பின் 6 முதல் 8 வரை கிடைக்கிறது. மாலையில் வீடு திரும்புவதற்குள் மஃரிப் நெருங்கிவிடும். விளக்கொளியில் துடைத்தால் விட்டுப்போன அழுக்கு மறுநாள் வெயிலில்தான் தெரியும். ஆக, வார நாளில் ஒரு காலைக்கு ஒரு வாஷ், ஞாயிறன்று ஒரு பெரிய வேலை, அவ்வளவுதான் நம்முடைய கொள்ளளவு. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் தூங்காமல் அடுத்தவர் காரில் பாலிஷ் மெஷினைப் பிடிப்பதை நாம் கண்டிப்பாகத் தடுப்போம். பெயிண்டின் மேலுள்ள கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. அரைத்தூக்கத்தில் மெஷின் ஓர் ஓரத்தில் கூடுதலாக நின்றுவிட்டால் அந்தப் பாகத்துக்கே பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டிவரும். மூன்று மாத லாபம் ஒரே நாளில் போய்விடும்.

அடுத்தது பலர் பேசத் தயங்கும் விஷயம். ரயில்வே ஊழியருக்கு 1966ஆம் ஆண்டு நடத்தை விதிகளும், மாநில அரசு ஊழியருக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் உண்டு. முன் அனுமதியின்றி வணிகத்தில் ஈடுபடுவதை இரண்டுமே தடை செய்கின்றன. திருவெறும்பூர் பெல் போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. தனியாரில் இருப்பவர் தமது பணி நியமனக் கடிதத்தை எடுத்து ஒருமுறை வாசிக்கட்டும். "மனைவி பெயரில் பதிந்துவிட்டால் போதும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ரயில்வே விதியின்படி, குடும்பத்தினர் வணிகம் செய்தாலும் ஊழியர் அதை நிர்வாகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். மனைவி உண்மையிலேயே நடத்தினால் தெரிவிப்பதில் என்ன தயக்கம்? பெயர் அவருடையது, கை நம்முடையது என்றால் அது மறைப்பு. சம்பளம் வாங்கும் நேரத்தில் போனில் புக்கிங் எடுப்பதும் அமானிதத்தில் கை வைப்பதுதான். மதிய இடைவேளையில் மட்டும் பதில் தருவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் புரிந்துகொள்வார்.

பதிவைப் பொறுத்தவரை பெரிய சிரமம் இல்லை. உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை. கருவிகளுக்கு வட்டிக் கடனோ தவணையோ தேவையே இல்லை. இரண்டு வாளி, நல்ல ஷாம்பு, ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணி, வீட்டு வேக்யூம் கிளீனர் போதும். ஒரு வாளியில் ஷாம்பு, மற்றதில் அழுக்குத் துணியை அலசச் சுத்த நீர். தரையில் விழுந்த துணியை மீண்டும் காரில் வைக்கக் கூடாது. அதில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், கீறல் விழ. ஸ்டியரிங்கிலும் பெடலிலும் பளபளப்புத் திரவம் தடவவே கூடாது. கை வழுக்கினால் உயிருக்கே ஆபத்து.

நம் ஊர் வெயிலும் காற்றும் ஒரு கால அட்டவணையை நமக்குப் போட்டுத் தருகின்றன. சித்திரை, வைகாசியில் சூடேறிய பானட்டில் ஷாம்பு அலசுவதற்குள் காய்ந்து திட்டாகிவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைப் புள்ளிகளும் சேரும். எனவே காலை வேலைதான் சரி. ஆடிக் காற்றில் திறந்தவெளிப் பாலிஷை ஒப்புக்கொள்ள வேண்டாம். புழுதி பேடில் ஏறி உப்புத்தாள் போலத் தேய்க்கும். அந்த மாதம் உட்புறச் சுத்தத்துக்கு ஏற்றது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வரும் குழாயை 15 நிமிடம் திறந்துவிட்டால் 150 லிட்டர். அலசத் தேவையில்லாத ஷாம்பு வகையில் ஒரு வாளியில் வேலை முடியும், புழுதியை முதலில் ஊறவைத்துவிட்டால் போதும். பெங்களூரில் 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். காவிரிக் கரையில் இருக்கும் நமக்கு அந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? அடுக்ககச் சங்கங்கள் அனுமதி மறுப்பதும் பெரும்பாலும் தண்ணீருக்காகவே. ஒரு வாளியோடு போகிறவருக்குக் கதவு எளிதில் திறக்கும்.

ஸ்ரீரங்கம் இதற்கு நல்ல களம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் வீட்டில் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் கார்கள் அங்கே உண்டு. புறா எச்சம் ஊறிப் பெயிண்டை அரிக்கும் முன் துடைத்தால்தான் பயன். மாதம் இருமுறை என்று பேசி ஒரே அடுக்ககத்தில் நாலு வண்டிகளை அடுத்தடுத்த காலைகளில் முடிப்பது, ஊர் முழுக்க அலைவதைவிட லாபம். ஏனென்றால் நடுவே ஆறு இருக்கிறது. 2022 இறுதியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது சுற்றிப் போனவர்களுக்கு அது நினைவிருக்கும். வைகுண்ட ஏகாதசி நாட்களில் அங்கே வண்டி நுழையவே சிரமம். அந்த வாரத்து வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே பேசி, வேலையை அதற்கு முந்தைய ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளலாம்.