கரையிலோர் காவல் மனை

தமிழிலே கரை என்பது ஒரு சிறு சொல். பெயராய் நின்று எல்லையைக் குறிக்கும். வினையாய் நின்று தேய்ந்து குறைதலைக் குறிக்கும். எல்லையெனின் நிலைபெறுதல் வேண்டும். கரைவதோ நிலைபெறாது. ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு பொருளும் ஒரே ஒலியிற் சேர்ந்தமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் கடற்கரைக்கு இரண்டும் பொருந்தும். அஃது ஓர் எல்லைதான். ஆனால் கரைகின்ற எல்லை.

கரைகின்ற எல்லையிலே ஒரு மனை எடுப்பது எங்ஙனம்? வேறு மனையாயின், 'தள்ளிக் கட்டுக' என்று சொல்லி அமையலாம். கடலில் அகப்பட்டோரை மீட்கும் உயிர்காப்போரின் மனையை அவ்வாறு தள்ளிவிடல் இயலாது. மூழ்குபவனுக்கு எஞ்சியிருப்பவை சில நிமிடங்களே. அதற்குள் காவலரின் கண் அவனைக் காணவேண்டும். மீட்புப் படகு மணலைக் கடந்து நீரைச் சேரவேண்டும். கடலுக்கு அண்மையில் இருத்தலே அம்மனையின் பயன். அதற்கு வரும் கேடும் அவ்வண்மையினாலேயே. ஆறு, குளம், கடல் என எல்லா நீர்நிலைகளையும் சேர்த்து, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் மூழ்கி இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆதலின் இது சிறு வினாவன்று.

இவ்வினாவோடு நெடுங்காலம் வாழ்ந்து வருபவர் அவுஸ்திரேலியர். பகற்பொழுதிற் கடலாடுதற்கு அங்கிருந்த தடை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தளர்ந்தது. மக்கள் திரள்திரளாய் அலையில் இறங்கினர், மாண்டவரும் உளர். ஊரவர் தாமே கூடித் தொண்டர் சங்கங்களை நிறுவினர். சிட்னி நகரின் பொண்டாய்க் கரையில் 1907இல் அத்தகைய சங்கமொன்று எழுந்தது. அக்கரையிலேதான் 1938ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அடுத்தடுத்து எழுந்த பேரலைகள் ஏறக்குறைய 250 பேரை ஆழத்துக்கு ஈர்த்துச் சென்றன. ஐவர் இறந்தனர், ஏனையோர் மீண்டனர். தொண்டர் பலர் அவ்வேளை மணலிலே திரண்டு நின்றமையே அதற்குக் காரணம். காத்தது சுவரன்று, பயின்ற கைகள். ஆனால் அக்கைகள் கடலுக்கு அண்மையில் இருந்தன என்பதையும் மறத்தலாகாது.

அந்தக் கடல் இன்று உயர்ந்து வருகின்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. வெப்பத்தை மிகுவிக்கும் வாயுக்கள் மேலும் பெருகிச் செல்லின், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் உயர்ச்சி 63 சென்ரிமீற்றர் முதல் 1 மீற்றர் வரை ஆகலாம் என அறிஞர் கணிக்கின்றனர். விக்ரோறியா மாநிலத்தின் இன்வர்லொக் என்னும் சிற்றூரிலே, 2012 முதற்கொண்டு கடற்கரை சிற்சில இடங்களில் 70 மீற்றர் வரை உள்வாங்கியது. உயிர்காப்புச் சங்கத்தின் மனைக்கு முன்னே மண்மூட்டைகளை அடுக்கி அரண் செய்யவேண்டியதாயிற்று.

கரையரிப்புக்கு உள்ளான ஊர்களில் மக்கள் கருத்து ஒருவழிப்பட்டதன்று. ஒரு சாரார், 'கல்லணை கட்டுக' என்பர். கண்முன் நிற்கும் அரண் மனத்துக்கு ஆறுதலே. ஆயின், அணையில் மோதித் திரும்பும் அலை முன்னுள்ள மணலைப் பறிக்கும். அணை முடியும் இடத்தில் அயல்நிலத்தை அரிக்கும். மனை பிழைக்கும், மணல் இராது. மணலில்லாக் கரையிலே காவல் யாருக்கு?

மற்றொரு சாரார், 'மணலைக் கொணர்ந்து பரப்புக. புல்லும் செடியும் நட்டு மணல்மேட்டை வளர்க்க' என்பர். இது கரையின் இயல்புக்கு ஒத்த வழி. எனினும் ஒருமுறை செய்து ஓயத்தக்கதன்று. செலவு ஆண்டுதோறும் தொடரும்.

மூன்றாஞ் சாரார், 'மனை பின்வாங்குக' என்பர். அறிவுடைய சொல். ஆனால் அதைக் கேட்கும் தொண்டரின் நெஞ்சு நோகும். ஓய்வுநாளில் உழைத்தும் ஊரிலே பணந் திரட்டியும் எழுப்பிய மனை அது. தந்தை பயின்ற இடத்தில் மகளும் பயின்ற மனை அது. பின்னே சென்றால் நீர் கண்ணுக்கு மறையும் என்று அவர் அஞ்சுவது வெறும் பற்றினால் அன்று, தொழிலறிவினாலும் ஆகும்.

இம்மூவரையும் பகைவராக்க வேண்டுவதில்லை. காவல் மனை ஒன்றன்று, மூன்று எனக் கொள்ளின் வழக்குப் பெரிதும் தணியும். நீரைப் பார்த்திருத்தல் ஒரு தொழில். அதற்கு வேண்டுவது பரண் போன்ற இலேசான காவற்கூடு. கடல் முன்வரின் அதுவும் இடம்பெயரும். படகும் கருவிகளும் வைத்தல் மற்றொரு தொழில்; கழற்றி மாட்டத்தக்க கொட்டகை அதற்குப் போதும். கூடுதலும் கற்பித்தலும் மூன்றாவது தொழில். அதற்குரிய மண்டபம் மணல்மேட்டுக்குப் பின்னே, உயர்ந்த தூண்களின்மேல், வெள்ளம் கீழே ஓடத்தக்கதாய் நிற்கலாம். உப்புக்காற்று கொங்கிரீற்றினுள் உள்ள இரும்பைத் துருவேற்றும். துரு பருத்துச் சுவரைப் பிளக்கும். ஆகவே கனத்த கட்டடமே உறுதியான கட்டடம் என்னும் எண்ணம் கடலோரத்திற் செல்லாது. நிலைபேறு என்பது அசையாமை அன்று.

இஃது அயல்நாட்டு வழக்கு என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் கடலாட வருவோர் பலர். கடல்கோள் என்னும் சொல்லைச் சங்க வரலாற்றோடு சேர்த்துப் படித்த நாம், 2004 டிசெம்பர் 26இல் அதன் பொருளைக் கண்ணாற் கண்டோம். அதன்பின், மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எனக் கட்டடம் எழுப்பலாகாத எல்லை விதிக்கப்பட்டது. நோக்கம் காப்பே. ஆனால் வலையும் வள்ளமும் கரையில் இருக்க, வலைஞன் மட்டும் தொலைவில் வாழ்வது எங்ஙனம்? முறைப்பாடுகள் எழுந்தன, விதி பின்னர்த் தளர்ந்தது. கரையில் வாழ்வோரைக் கேளாது அளந்த அளவு கரையில் நிற்கவில்லை.

கேட்டிருப்பின் அவர்கள் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. பருவந்தோறும் கரைமாறித் தொழில் செய்யும் நம் மீனவர், கம்பும் கிடுகும் கொண்டு வாடி அமைப்பர். பருவம் முடியப் பிரித்துச் செல்வர். கடலுக்கு அண்மையில் இருக்கவும் வேண்டும், கடல் சினப்பின் விலகவும் வேண்டும் என்னும் இரண்டையும் அந்த வாடி நிறைவேற்றுகின்றது. கட்டடக்கலைஞர் இன்று தேடும் இலக்கணத்துக்கு அது பழைய இலக்கியம். எங்கே நீரோட்டம் கடலுக்குள் இழுக்கும், எம்மாதத்தில் மணல் போகும், எம்மாதத்தில் மீளும் என்பன கரைவலை இழுப்போர்க்குக் கைவந்த பாடம்.

நமது கரைகளில் காவல் மனைகள் எழவேண்டும். ஊர் இளைஞரும் யுவதிகளும் அவற்றில் நீந்தவும் மீட்கவும் பயிலவேண்டும். அதற்குத் திட்டம் வரைவோர், அடிக்கல் நாட்டும் விழாவுக்கு அந்த வலைஞரை அழைத்தால் மட்டும் போதாது. கல்லை எங்கே நாட்டுவது என்று தீர்மானிக்கும் நாளிலேயே அவர்களை அழைத்தல் வேண்டும்.