பத்ரி வழியில் ஒரு மலர்ப் பள்ளத்தாக்கு

வடநாட்டில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பத்ரிநாத யாத்திரையை விரும்பாதவர் சிலரே. ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டுத் திருப்பதிகளுள் அதுவும் ஒன்றன்றோ! ஆயினும் நம்மவரிற் பலர் பெருமானைத் தரிசித்த மறுநாளே ஊர் திரும்ப விரைகின்றனர். வழியில் மூன்று நாட்களை ஒதுக்குவோர்க்கு அரியதொரு காட்சி காத்திருக்கிறது.

ஜோஷிமடத்திலிருந்து பத்ரிக்குச் செல்லும் சாலையில், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கோவிந்தகாட். அங்கிருந்து புல்னா கிராமம் வரை வண்டி செல்லும். அப்பால் காங்கரியாவுக்கு மலைப்பாதையில் நடக்க வேண்டும். நடக்கவியலாதவர்க்கு மட்டக்குதிரை உண்டு. இரவில் காங்கரியாவில் தங்கி, காலையில் பள்ளத்தாக்கை நோக்கிப் புறப்படலாம். அப்பாதையில் குதிரைகளுக்கு அனுமதியில்லை.

1931-ஆம் ஆண்டில் காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயர் இங்கே இறங்கி வியந்து நின்றார். 1937-இல் மீண்டும் வந்து, மறு ஆண்டு அவர் எழுதிய நூலால் இவ்விடத்தின் புகழ் பரவிற்று. மேய்ச்சலுக்கு வந்த மலைவாசிகளோ அதற்கு நெடுங்காலம் முன்பே இதனை அறிந்திருந்தனர். செடிகளைச் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் பெண்மணி 1939-இல் பாறையில் வழுக்கி விழுந்து மாண்டார். அவருடைய கல்லறை இன்றும் மலர்களுக்கிடையே இருக்கிறது.

ஜூனில் பனி உருகுகிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை மலர்கள் மிகுதி. புஷ்பவதி ஆற்றின் கரையெங்கும் நம் காசித்தும்பையின் இனத்தைச் சேர்ந்த செடிகள் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்கும். பாறையிடுக்குகளில் நீலக் கசகசாப் பூவைத் தேடிக் காணலாம். இங்குள்ள தாவர வகைகள் 500-க்கும் மேற்பட்டவை. பிரம்மகமலத்தைக் காண விழைவோர் மறுநாள் ஹேமகுண்டத்துக்கு ஏறுதல் நன்று. 4,000 மீட்டருக்கும் உயரமான அவ்விடத்தில் தெளிந்த ஏரியும், அதன் கரையில் சீக்கியர்களின் குருத்வாராவும், இலக்குமணன் கோயிலும் உள்ளன.

இப்பள்ளத்தாக்கு 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பூங்காவான பின் மேய்ச்சல் நின்றது. அதனால் மேய்ச்சல் நிலத்தை இழந்தவர்கள் பியூந்தார்ப் பள்ளத்தாக்கின் மக்களே. இன்று அம்மக்களே யாத்திரிகர் எறிந்து செல்லும் குப்பையை அகற்றிப் பாதையைத் துப்புரவு செய்கின்றனர். மேய்ச்சல் நின்றபின் உயரமாய் வளரும் ஒருவகைச் செடி பரவிச் சிறு மலர்களை மறைக்கவே, அதனை வனத்துறையினர் களைந்து வருகின்றனர். ஆக, யாரும் நடாத இத்தோட்டத்துக்கும் காவல் தேவைப்படுகிறது.

பூங்கா ஜூன் முதல் அக்டோபர் வரையே திறந்திருக்கும். உள்ளே இரவு தங்கலாகாது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் மலைச்சரிவு நேர்வதுண்டு. 2013 ஜூன் வெள்ளத்தில் இவ்வழி பெரிதும் சிதைந்தது. ஆதலின் பாதையின் நிலையை விசாரித்தறிந்தே புறப்படுக. மழையங்கியும் கம்பளியும் இன்றியமையாதவை. இருதய நோயுடையோர் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

பூக்கொய்து இறைவனுக்குச் சார்த்துவது நம் மரபு. இங்கோ ஒரு மலரையும் கொய்யாது திரும்புவதே வழிபாடாகும். நம் குழந்தைகளுக்கு இதனைப் புறப்படுமுன்னரே சொல்லி அழைத்துச் செல்வோமாக.